கீழக்கரையில் நிற்கும் 2011 பொலீரோ இன்னும் ஆறு வருஷம் ஓட வேண்டுமென்றால்

தம்பி, நீங்கள் கேட்டது இது. வாப்பா வாங்கிய 2011 பொலீரோ, 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் கீழக்கரை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. விற்க மனமில்லை, இன்னும் ஐந்தாறு வருஷம் நடுவழியில் நிற்காமல் ஓட வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று செய்து வந்தால் போதுமா, எதை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்பது கேள்வி.

போதாது. ராமநாதபுரத்தில் 23 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்து வண்டிகள்தான் அதிகம் வரும். எஞ்சின் தேய்ந்து போய் கைவிட்ட பொலீரோவை நான் பார்த்தது மிகக் குறைவு. நன்றாக ஓடுகிற எஞ்சினை மேலே வைத்துக்கொண்டு, கீழே வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸும் பிரேக் பைப்பும் உதிர்ந்துபோய் இரும்புக்கடைக்குப் போன வண்டிகள் நிறைய. கிலோமீட்டர் கணக்கு மதுரைக்காரர்களுக்குச் சரி. நம் ஊரில் வண்டியைக் காற்றை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

கீழக்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று கடலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் போடும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அந்த வேலையைச் செய்யும். பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களுக்கு இரண்டும் உண்டு. அந்தக் காற்றில் வருகிற உப்பு கண்ணுக்குத் தெரியாது. காலையில் கண்ணாடியை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் தெரியும்.

மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விடும். கடல் உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அதற்கும் முன்னாலேயே கசியத் தொடங்கும். சேஸில் ஒட்டிய உப்புக்கும் அதே கதைதான். மழையே பெய்யாத மாசி மாதத்திலும் ராத்திரிப் பனியில் வண்டியின் அடிப்பாகம் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் இருக்கும். மேலே பானெட்டிலும் கூரையிலும் விழும் உப்பை மழை கழுவிவிடும். மட்கார்டுக்கு உள்ளே, சேஸ் மேல்புறம், டீசல் டேங்க்குக்கு மேலே மழை படவே படாது. அதனால்தான் வெளியே பளபளவென்று இருக்கும் வண்டிக்குக் கீழே போய்ப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்துக் கட்டியது இந்தக் காற்றுக்காகத்தான். உங்கள் வண்டிக்குக் கம்பெனியில் அடித்துவிட்ட கறுப்புப் பெயிண்ட் மட்டும்தான், அதுவும் 2011-இல் அடித்தது.

முதல் வேலை, கீழே படுத்துப் பார்ப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் உள்ளே போகாதீர்கள். பொலீரோ உயரமான வண்டி, தரையில் ஒரு சாக்கை விரித்தால் ஜாக்கி இல்லாமலே உள்ளே நுழையலாம். ஒரு டார்ச், ஒரு திருப்புளி போதும். திருப்புளியின் கைப்பிடியால் சேஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும். உள்ளே துரு தின்ற இடம் ‘பொத்’ என்று சொல்லும். பின் கமான் பட்டை சேஸில் மாட்டும் பிராக்கெட், பாடியைச் சேஸோடு இறுக்கும் ரப்பர் கட்டைகள் இருக்கும் இடம், டேங்க்கைத் தாங்கும் பட்டை, பேட்டரித் தட்டு, பின்கதவின் அடி ஓரம் இவற்றில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். சேஸ் ஒரு பெட்டி மாதிரி, உள்ளே வெற்றிடம். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை மணலும் சேறும் அடைத்துக் கிடக்கும். ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் பிடி மணல் கொட்டும். அந்த மணல் உள்ளே இருக்கும்வரை ஈரமும் உப்பும் உள்ளேயேதான். செலவே இல்லாத வேலை இது. கதவுகளின் அடியிலும் இதே மாதிரி ஓட்டைகள் உண்டு, அவற்றையும் குத்திவிடுங்கள்.

இதில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. துரு தெரிந்தவுடன் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். துருவின் மேல் கோட்டிங் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்திவிடுவது. உள்ளே ஈரம் பத்திரமாக இருக்கும், இரண்டு வருஷத்தில் கோட்டிங் மட்டும் நிற்கும், இரும்பு இருக்காது. முதலில் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிட வேண்டும். கம்பி பிரஷ் போட்டு உதிர்வதையெல்லாம் உதிர்க்க வேண்டும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றியைத் தடவினால் மிச்சத் துரு கறுத்து இறுகும். அதன்மேல் எபாக்ஸி பிரைமர், அதற்குமேல்தான் கோட்டிங். சேஸ் பெட்டிக்கு உள்ளே மெழுகு கலந்த திரவத்தை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும். இத்தனையும் பொறுமையாகச் செய்யும் ஆள் கிடைத்தால் கூலி பார்க்காதீர்கள்.

பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து அடியில் அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எதுவும் அடிக்காததற்கு அது பரவாயில்லை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்தேன். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்களை ஊதவைக்கிறது, தூசியைப் பிடித்து அப்பிக்கொள்கிறது, இரண்டு மழையில் ஒழுகித் தரையைக் கெடுக்கிறது. இப்போது என் பட்டறையில் அதைச் செய்வதில்லை.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, தொட்டித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். உப்புத் தண்ணீரால் உப்பைக் கழுவி என்ன பயன்? காவிரித் தண்ணீர் வரும் அன்று இரண்டு வாளி எடுத்துவைத்து மட்கார்டு உள்புறத்தையும் சேஸையும் கையால் ஊற்றிக் கழுவினால் அதுவே மேல். கச்சான் அடிக்கும் மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை. தனுஷ்கோடி போய் வந்தால் மட்டும் அன்றைக்கே. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாரும் வண்டியோடு போகிறார்கள். இரண்டு பக்கமும் கடல் தெறிக்கும், ரோட்டில் மணல் ஏறியிருக்கும். ஆசைக்கு வண்டியைக் கரையில் இறக்கி டயர் நனைய ஓட்டுகிறவர்களும் உண்டு. பின்சக்கரங்களுக்கு நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டிதான் ஹவுசிங்; ஓடிச் சூடாக இருக்கும்போது அது கடல் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, மூச்சுவிடும் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு மாதம் கழித்து அதற்குள் இருக்கும் கிரௌன் பல்சக்கரத்தில் சத்தம் வரும்போது யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்காது. அப்படி இறங்கியிருந்தால் ஒளிக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், ஹவுசிங் ஆயிலை இறக்கிப் பார்ப்பதோடு போகும். பாலாடை மாதிரி வெளுத்திருந்தால் மாற்றிவிடலாம்.

அடுத்து பிரேக். நடுவழியில் நிற்பது தொந்தரவு, நிற்காமல் போவது உயிர்.

சேஸை ஒட்டிப் பின்சக்கரம் வரை ஒரு சிறு இரும்புக் குழாய் ஓடும், அதுதான் பிரேக் பைப். அதை ஆங்காங்கே கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வெளியே தெரியும் குழாயை இல்லை, அந்தக் கிளிப்புக்கு அடியில் இருக்கும் அரை அங்குலத்தை. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் ஓடிய வண்டி ஒன்று ஆயில் மாற்ற வந்தது. பைப் முழுக்கக் கறுப்பாக நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிளிப்பை நெம்பி எடுத்தேன். அடியில் குழாய் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. நகத்தால் சுரண்டினேன், ஈரம் கசிந்தது. குடும்பத்தோடு மறுநாள் கொடைக்கானல் போகவிருந்த வண்டி அது. அன்றிலிருந்து கடலோரத்து வண்டி எது வந்தாலும் கிளிப்பைக் கழற்றாமல் நான் விடுவதில்லை. உங்கள் வண்டியில் அந்தப் பைப் இதுவரை மாற்றவில்லை என்றால் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். 15 வருஷம் உழைத்தது போதும். செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், அது துருப்பிடிக்காது. முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களையும் அதோடு மாற்றிவிடலாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது அளவு. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று வைத்திருக்கிறார்கள். மலை இறங்கும்போது டிஸ்க் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதோடு அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். எவ்வளவு ஓடியிருந்தாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். நம் ஊரில் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடுகிறார்கள். அது மாற்றியதாகாது, நான்கு சக்கரத்திலும் பழையது வெளியே வர வேண்டும்.

வண்டி வாசலில் நிற்கும் நாட்களில் கை பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். ஈரக்காற்றில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள்.

நிற்கிற வண்டிக்கு இன்னொரு பழக்கம், காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவது. ‘அண்ணே, தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது கெடுதல். எஞ்சின் முழுச் சூடாவதற்குள் நிறுத்தினால் எரிந்த புகையில் இருந்த நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பேட்டரியும் செலவழித்ததைத் திரும்பப் பெறாது. வாரம் ஒருமுறை திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் வந்து போங்கள். ஏசியையும் பத்து நிமிஷம் போடுங்கள், கம்ப்ரெசர் சீல் காயாமல் இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், டயர் எல்லாமே ஒரு சுற்று வேலை செய்துவிடும். வெயிலுக்காகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். காற்றுப் போகாத தார்ப்பாய்க்குள் ஈரம் நின்று வேகும். மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் உள்ள இடம்தான் நல்லது.

மின்சார விஷயத்தில் நம் பக்கத்து வண்டிகளுக்கு வீணாகும் பணம் கொஞ்சமில்லை. ஏர்வாடிப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. காலையில் சாவி திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. பேட்டரி மாற்றியிருந்தார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்திருந்தார்கள், டைனமோவையும் தொட்டிருந்தார்கள். எஞ்சினையும் சேஸையும் பேட்டரி மைனஸோடு சேர்க்கும் அர்த் பட்டையை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் முனைக்கு அடியில் பச்சைப் பொடி. பட்டையின் உறையைக் கீறினால் உள்ளே செம்புக் கம்பி பாதி தூளாகியிருந்தது. புதுப் பட்டை போட்டு, சேஸில் அது உட்காரும் இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டேன். சில நூறு ரூபாய் வேலை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அர்த்தில் கோளாறு. பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சைக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து வாசலின் தடவினால் போதும்.

எஞ்சினுக்கு வருகிறேன். உங்கள் எஞ்சின் முரட்டு உழைப்பாளி. புகையில்லாமல், ஆயில் குறையாமல் ஓடினால் யார் சொன்னாலும் பிரிக்க விடாதீர்கள். ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் ஓட்டுகிற கொஞ்ச ஓட்டத்துக்கு அதிகம்போனால் ஒரு வருஷம், ஃபில்டரோடு மாற்றுங்கள். மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், டீசல் வண்டியில் கரி கலந்து அப்படித்தான் கறுக்கும். கறுப்பு பிரச்சினை இல்லை. டிப் ஸ்டிக்கில் காப்பி நிறத்துக்கு வெளுத்தால்தான் தண்ணீர் கலக்கிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். டர்போ வண்டி என்பதால் நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்றவுடன் சாவியை அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டீசல் மேலே நிற்கும், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு தனியாகத் தெரியும். நம் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்க்கில் ராத்திரி நீர் கோத்துக்கொள்ளும். அதனால் நிறுத்திவைக்கும்போது டேங்க் நிறைந்திருப்பது நல்லது. படகுக்கு என்று கேனில் கரையில் கிடந்த டீசல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சட்டப்படியும் தவறு, அதில் கடல் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று ஊற்றியவருக்கே தெரியாது. ஒரு பம்ப் வேலை உங்கள் மூன்று வருஷப் பராமரிப்புச் செலவைத் தின்றுவிடும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுதான் உங்கள் அடுத்த செலவு. சுண்ணாம்பும் உப்பும் உள்ளே படிந்து குழாய் சுருங்கும். கூலண்ட் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நமக்கு அதில் வேண்டியது உறையாமல் காப்பது இல்லை, உள்ளே அரிக்காமல் காப்பது. கலந்தே வரும் கூலண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கலக்குங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் எஞ்சின் சூடேறாமலே ஓடித் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். ஹோஸைக் குளிர்ந்திருக்கும்போது அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ மொறுமொறுப்பாகவோ இருந்தால் மாற்றுங்கள். வெளிப்புறத் தகடுகளை எஞ்சின் பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு தின்ற தகடு வேகமாக அடித்தால் சாம்பலாக உதிரும்.

பொலீரோவில் கிரீஸ் அடிக்கும் முனைகளான நிப்பிள்கள் உண்டு என்பதையே இப்போதைய பையன்கள் மறந்துவிட்டார்கள். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸுக்கும் மற்ற நிப்பிள்களுக்கும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். வெளுத்துத் தண்ணீராக வந்தால் சுத்தமாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினால், ஓரத்தில் வெடிப்பு ஓடியிருந்தால், நெடுந்தூரத்துக்கு நம்பாதீர்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளேயே நிற்கும், மெதுவாகக் காற்று இறங்குகிற சக்கரத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருடையது குவாலிஸ் என்றால், 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, கீழே எந்த இடத்தில் துரு பார்த்தது, அவ்வளவுதான். சித்திரையில் கச்சானுக்கு முன்னால் ஒரு தடவை, புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒரு தடவை கீழே படுத்துப் பார்த்து எழுதுங்கள். சென்ற தடவை ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்த துரு இப்போது உள்ளங்கை அளவா என்று நோட்டுதான் சொல்லும்.

இந்த வருஷம் உங்களுக்கு அவசரம் ஒன்று உண்டு. 15 வருஷம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்ட வேண்டும். தேறினால் ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள், பசுமை வரியும் கட்ட வேண்டும். பிரேக், லைட்டெல்லாம் சரி செய்துவிடலாம். சேஸில் வெட்டியிருக்கும் நம்பர் துருவில் அழிந்து போயிருந்தால்தான் அலைச்சல். பென்சில் தேய்த்து அதன் அச்சை எடுக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். இன்றைக்கே அந்த இடத்தைக் கண்டுபிடித்து மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். நம்பர் தெரிகிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதன்மேல் கனமாகக் கிரீஸ் அப்பி விடுங்கள். ஏதாவது ஓர் எழுத்து மங்கியிருந்தால் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் போய்ச் சொல்லி வழி கேளுங்கள்.